பதினைந்து பேர் எங்கே? ‘மாணவர் எண்ணிக்கைக் குறைவு’ என்ற கட்டுரையை மறுபடி படித்துப் பார்ப்போம்



‘தமிழ் படிக்கும் மாணவர்களின் எண்ணிக்கை குறைவதற்கான காரணங்களும் அதைக் களையும் வழிகளும்.’ இந்தத் தலைப்பைச் சந்திக்காத தமிழாசிரியர் நம்மிடையே இருக்க முடியாது. பயிற்சி நூலில் வரும், மாதச் சோதனையில் வரும், பேச்சுப் போட்டியிலும் வரும். அதற்கு மாணவர் எழுதும் விடையும் நமக்கு மனப்பாடம். முன்னுரை ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்கும். முதல் கருத்து, பெற்றோரின் அலட்சியம். இரண்டாவது, ஆங்கில மோகம். மூன்றாவது, மாணவர்களின் ஆர்வமின்மை. அப்புறம் ‘பெற்றோர் விழிப்புணர்வு பெற வேண்டும்’. கடைசியில் ஒரு பழமொழி. மொழிப்பிழை இல்லையென்றால் புள்ளியும் ஓரளவு நன்றாகவே கிடைக்கும்.

அந்த விடையைத்தான் இங்கே விமர்சிக்கப் போகிறேன். மாணவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும், பட்டறையிலும், வாட்ஸாப் குழுவிலும் பெரியவர்களாகிய நாமும் இதையேதான் பேசுகிறோம். பிள்ளைகள் நம்மைப் பார்த்து எழுதுகிறார்கள், அவ்வளவுதான். என் கேள்வி ஒன்றே ஒன்று. குறைகிறது, குறைகிறது என்கிறோமே, எந்த எண்ணிக்கை குறைகிறது? ஜொகூர் மாநிலத்து நகர்ப்புற இடைநிலைப்பள்ளியை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

1. பெற்றோர் கைவிட்டார்களா?

2010ஆம் ஆண்டில் நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் படித்தார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் அது எண்பதாயிரத்தை ஒட்டி இறங்கிவிட்டது. இந்த இரண்டு எண்ணையும் அருகருகே வைத்தால் ‘பெற்றோர் கைவிட்டுவிட்டார்கள்’ என்று எழுதத்தான் கை போகும்.

கொஞ்சம் நிதானியுங்கள். கல்வி அமைச்சு வெளியிட்ட 2013–2025 கல்வி மேம்பாட்டுப் பெருந்திட்டத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. தொடக்கக்கல்வி பயிலும் இந்திய மாணவர்களில் தமிழ்ப்பள்ளிக்குப் போனவர்கள் 2000ஆம் ஆண்டில் 47 விழுக்காடு. 2011இல் அதே கணக்கு 56 விழுக்காடு. அதாவது அந்தப் பத்தாண்டில் தமிழ்ப்பள்ளியைத் தேர்ந்தெடுத்த பெற்றோரின் பங்கு கூடியிருக்கிறது. ‘அலட்சியம்’ என்று நாம் மேடை போட்டுப் பேசிய அதே ஆண்டுகளில்!

அப்படியானால் தலை எண்ணிக்கை ஏன் இறங்கியது? பெரிய காரணம் பிறப்பு. நம் பாட்டி காலத்துத் தோட்ட வீட்டில் ஆறு பிள்ளை, ஏழு பிள்ளை சர்வசாதாரணம். இன்று மலேசிய இந்தியர்களின் கருவள விகிதம் ஒரு பெண்ணுக்கு ஒன்று என்ற அளவுக்குச் சற்று மேலே நிற்கிறது. ஒரு சமூகம் தன் எண்ணிக்கையைத் தக்கவைத்துக்கொள்ளவே இரண்டுக்குச் சற்று அதிகமாக வேண்டும். பிறக்காத பிள்ளையை எந்தப் பரப்புரையாலும் பள்ளியில் சேர்க்க முடியாது.

அலட்சியமான பெற்றோர் எங்குமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தலை எண்ணிக்கை ஒன்று, பங்கு வேறொன்று. இரண்டையும் குழப்பினால், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரையே எதிரில் உட்காரவைத்துத் திட்டுகிற வேலையைத்தான் செய்வோம். கூட்டத்துக்கு வருபவர்களும் அவர்கள்தானே.

2. சராசரி வகுப்பில் யாரும் உட்காரவில்லை

நாம் அடிக்கடி கேட்கும் அடுத்த வாக்கியம்: ‘நம் பள்ளிகளில் வகுப்புக்குச் சராசரியாக இத்தனை பேர்தான்.’ இதிலும் ஒரு சிக்கல் உண்டு.

ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம் வட்டாரங்களில் தோட்டத்தை ஒட்டிப் பிறந்த பள்ளிகள் பல. 150 மாணவருக்குக் கீழே போனால் அது ‘குறைந்த மாணவர் கொண்ட பள்ளி’ என்ற பட்டியலுக்குள் வந்துவிடும். மறுபக்கம் ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங். தோட்டம் தாமானாக மாறியபோது குடும்பங்கள் வேலையைத் தேடி இந்தப் பக்கம் வந்தன. 2006இல் இஸ்கண்டார் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு இந்த நகர்வு இன்னும் வேகமெடுத்தது. சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டு இங்கே குடியிருக்கும் குடும்பங்களும் இவ்வட்டாரத்தில்தான். பள்ளிப் பெயரில் இன்னும் ‘லாடாங்’ இருக்கும், ஆனால் வாசலில் நெடுஞ்சாலை ஓடும்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு தோட்டப் பள்ளியில் ஆறு வகுப்பு, வகுப்புக்கு 8 பேர். ஒரு நகரப் பள்ளியில் ஆறு வகுப்பு, வகுப்புக்கு 36 பேர். மொத்தம் 264 மாணவர்கள், 12 வகுப்புகள். சராசரி 22. கேட்க எவ்வளவு அழகான எண்! ஆனால் 22 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பு இந்த இரண்டு பள்ளியிலும் ஒன்றுகூட இல்லை.

இதையே மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். ‘உன் வகுப்பில் எத்தனை பேர்?’ 48 பேர் ‘எட்டு’ என்பார்கள், 216 பேர் ‘முப்பத்தாறு’ என்பார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தால் ஏறத்தாழ 31 வரும். அலுவலக ஏட்டில் 22, பிள்ளையின் அனுபவத்தில் 31. ஒரு வகுப்பை ஓர் எண்ணாக எடுத்தால் ஒரு விடை, ஒரு பிள்ளையை ஓர் எண்ணாக எடுத்தால் வேறு விடை.

இது வெறும் கணித விளையாட்டு இல்லை. 36 பேர் எழுதிய கட்டுரையை, ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்று திருத்தினாலும் மூன்று மணி நேரம் ஆகும். ஒரு வகுப்புக்கு, ஒரு கட்டுரைக்கு! எட்டுப் பேர் வகுப்பில் அதே வேலை நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அங்கே குழு விவாதம் நடத்த ஆள் போதாது. இரண்டு ஆசிரியருக்கும் ஒரே பட்டறை, ஒரே கையேடு கொடுக்கிறோம். ‘சராசரி 22’ என்று நம்பியதன் விளைவு இது.

3. பதின்மூன்று வயதில் எங்கே போகிறார்கள்?

இதுவரை தொடக்கப்பள்ளி. உண்மையான இழப்பு இனிமேல்தான்.

நம் நாட்டில் தமிழ்வழி இடைநிலைப்பள்ளி கிடையாது. ஆறாம் ஆண்டு முடிந்ததும் பிள்ளைகள் வீட்டுக்கு அருகிலுள்ள தேசிய இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்து போகிறார்கள். இதே ஜொகூர் பாருவில் சீனர்களுக்கு ஃபூன் யூ போன்ற தனியார் இடைநிலைப்பள்ளி இருக்கிறது. அதன் வளாகங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள். அங்கே மாணவர்கள் ஒரே கூரையின் கீழ் திரள்கிறார்கள். நம் பிள்ளைகளோ சிதறுகிறார்கள்.

சிதறுவது என்றால் எப்படி? மறுபடியும் ஒரு கணக்கு போடுவோம். 1,500 மாணவர் படிக்கும் ஒரு நகர்ப்புற இடைநிலைப்பள்ளி. ஜொகூர் மக்களில் இந்தியர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேர். அதே விகிதம் பள்ளியிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால் 105 இந்திய மாணவர்கள். (தாமானுக்குத் தாமான் இது கூடும், குறையும்.) அவர்களில் 56 விழுக்காட்டினர் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் என்றால் 59 பேர். அந்த 59 பேரை ஐந்து படிவங்களுக்குப் பிரித்தால் படிவத்துக்கு 12 பேர். ஒரு படிவத்தில் 300 மாணவர்கள், எட்டு அல்லது ஒன்பது வகுப்புகள். ஆக, வகுப்புக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர்.

‘டீச்சர், எங்க கிளாஸ்ல நான் ஒருத்திதான் தமிழ்’ என்று ஒரு பிள்ளை சொல்லும்போது அது பொய் சொல்லவில்லை. ஆனால் அதே கட்டடத்தில் தன்னைப் போல இன்னும் 58 பேர் இருப்பது அதற்குத் தெரியாது. பல நேரம் நமக்கும் தெரியாது. ஏனென்றால் பள்ளி ஏட்டில் ‘இந்தியர்’ என்ற கட்டம் உண்டு. ‘தமிழ் படித்தவர்’, ‘தமிழ் படிக்க விரும்புபவர்’ என்ற கட்டம் இருக்காது. இந்தியர் கட்டத்தில் தேசியப்பள்ளியிலிருந்து வந்தவரும் இருப்பார், வீட்டில் தெலுங்கோ மலையாளமோ பஞ்சாபியோ பேசுபவரும் இருப்பார். இனக் கட்டத்தைப் பார்த்துத் தமிழ் வகுப்பைக் கணக்கிடுவது, செருப்பு அளவைப் பார்த்துச் சட்டை தைப்பது மாதிரி.

4. சட்டத்திலுள்ள சொற்களைப் படியுங்கள்

‘பதினைந்து பேர் இருந்தால்தான் தமிழ் வகுப்பு’ என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அந்த விதியை எத்தனை பேர் நிதானமாகப் படித்திருக்கிறோம்? செய்யுளுக்குப் பொருள் காண்பது போல இதற்கும் காண்போம்.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தேசியப்பள்ளிக்கும் தேசிய இடைநிலைப்பள்ளிக்கும் விளக்கம் தரும் இடத்தில் இதைச் சொல்கிறது. பள்ளியிலுள்ள குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், சீன மொழியோ தமிழ் மொழியோ கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். இதில் மூன்று சொற்களைக் கவனியுங்கள்.

ஒன்று, ‘பள்ளியில்’. படிவத்தில் என்றோ வகுப்பில் என்றோ அங்கே சொல்லப்படவில்லை. நம் கணக்கில் வந்த பள்ளியில் 59 பேர் இருக்கிறார்கள். தேவையைப் போல நான்கு மடங்கு! ஆனால் ‘படிவம் ஒன்றில் 12 பேர்தான், மூன்று பேர் குறைகிறார்கள்’ என்று யாரோ சொல்ல, நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

இரண்டு, ‘பெற்றோர்’. ஆசிரியரின் ஆசையோ சங்கத்தின் தீர்மானமோ இங்கே போதாது. கையெழுத்து வீட்டிலிருந்து வரவேண்டும்.

மூன்று, ‘கேட்டுக்கொண்டால்’. கேட்காதவரை அந்த எண்ணிக்கை இல்லாத எண்ணிக்கைதான். 59 பேர் இருந்தும் ஒரு கடிதம்கூடப் போகவில்லை என்றால் ஏட்டில் கோரிக்கை பூஜ்யம்.

ஆக, பல பள்ளிகளில் நாம் ‘மாணவர் இல்லை’ என்று சொல்லும் இடத்தில் ‘கேட்டவர் இல்லை’ என்று சொல்வதே சரியாக இருக்கும். இவை இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

வசதி கிடைத்த பிறகும் கால அட்டவணை ஒரு தடைதான். ஒன்பது வகுப்பிலிருந்து 12 பேரை ஒரே நேரத்தில் எடுப்பது எளிதல்ல. இரு நேரப் பள்ளியில் கீழ்ப்படிவத்தினர் பிற்பகலில் வருவதால், காலையில் வரும் மேற்படிவத்தினரோடு சேர்க்கவும் முடியாது. அதனால் தமிழ் பள்ளி நேரத்துக்கு வெளியே போய்விடுகிறது. வார இறுதி என்றால் அதுவும் நமக்கு நிலையாக இருக்கவில்லை. 2014 முதல் வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்த ஜொகூரில், 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனியும் ஞாயிறும் விடுமுறை. பழைய நேரத்தை வைத்து வாகனமும் டியூஷனும் ஏற்பாடு செய்திருந்த குடும்பங்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. இத்தனையும் தாண்டி வராத பிள்ளையை ‘ஆர்வமின்மை’ என்ற ஒரே சொல்லில் அடைக்கலாமா?

5. காணாமல் போன இரண்டு கணக்குகள்

முன்பு நமக்கு இரண்டு அளவுகோல்கள் இருந்தன. 12 வயதில் யு.பி.எஸ்.ஆர்., 15 வயதில் பி.டி.3. எத்தனை பேர் தமிழ்த்தாள் எழுதினார்கள் என்று பார்த்தால், எந்த வயதில் எத்தனை பேரை இழந்தோம் என்று தெரிந்துவிடும். யு.பி.எஸ்.ஆர். 2021இலும் பி.டி.3 2022இலும் அகற்றப்பட்டன. தேர்வுச் சுமை குறைந்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதோடு அந்தக் கணக்கும் போய்விட்டது. இப்போது தமிழ்ப்பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளையை, பொதுத்தேர்வு என்ற அளவில், அடுத்ததாக எஸ்.பி.எம். பதிவில்தான் பார்க்கிறோம். நடுவில் ஐந்து ஆண்டு. படிவம் ஒன்றிலேயே விட்டுப்போன பிள்ளையைப் படிவம் ஐந்தில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

6. சிறிய வகுப்பு எப்போதும் நல்லதா?

‘பன்னிரண்டு பேர் என்றால் நல்லதுதானே, தனிக்கவனம் கிடைக்குமே’ என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை நடந்த ஸ்டார் ஆய்வு இதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று. 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்பில் படித்த சிறுவர்கள், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்பில் படித்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். உண்மை. ஆனால் அவர்கள் ஒரே வயதினர், தொடக்க வகுப்பினர், வழக்கமான பள்ளி நேரத்தில் படித்தவர்கள். நம்முடைய 12 பேரோ களைத்துப்போன நேரத்தில் வருகிறார்கள். சில இடங்களில் படிவம் நான்கும் ஐந்தும் ஒரே அறையில் உட்காரும். ஆசிரியர் ஒரு பக்கம் இலக்கணம் சொல்லி, மறுபக்கம் கருத்துணர்தல் கொடுப்பார். அதைச் சிறிய வகுப்பு என்பதைவிடச் சிதறிய வகுப்பு என்று சொல்வதே பொருத்தம்.

சிதறலுக்கு மருந்து திரட்டுவது. இதற்கு வெகுதூரம் போக வேண்டாம், பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். சிங்கப்பூரிலும் தமிழ் மாணவர்கள் பள்ளிக்குப் பள்ளி சிதறித்தான் இருக்கிறார்கள். தங்கள் உயர்நிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாதவர்கள் ஒரே இடத்துக்கு வந்து படிக்க, 1983 முதல் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் அங்கே இயங்குகிறது. அங்கே தாய்மொழி கட்டாயப் பாடம், அரசின் ஆதரவும் உண்டு. நம் நிலைமை வேறுதான். ஆனாலும் அடிப்படை எண்ணம் நமக்கும் பொருந்தும். பக்கத்துப் பக்கத்துத் தாமான்களிலுள்ள மூன்று பள்ளிகளின் 12, 9, 14 பேரைச் சேர்த்தால் 35 பேர். படிவம் நான்குக்கு ஒரு வகுப்பு, ஐந்துக்கு ஒரு வகுப்பு என்று பிரித்தே நடத்தலாம்.

7. என்ன செய்யலாம்?

ஆசிரியர்களுக்கு: புதிய கல்வியாண்டின் முதல் வாரத்திலேயே ஒரு தாள் எடுங்கள். பெயர், வகுப்பு, எந்தத் தொடக்கப்பள்ளி, பெற்றோர் கையெழுத்து என நான்கு கட்டம் போதும். இனப் பட்டியலை நம்பாதீர்கள், பெயர் பெயராகக் கேளுங்கள். ஆறாம் ஆண்டு ஆசிரியரானால், உங்கள் மாணவர் எந்த இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார் என்று எழுதி அந்தப் பள்ளித் தமிழாசிரியருக்கு அனுப்பிவையுங்கள். தமிழாசிரியரே இல்லாத பள்ளியானால், விடைபெறும் நாளுக்கு முன்பே பெற்றோரிடம் கோரிக்கைக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். அந்தப் பள்ளிக்குத்தான் பட்டியல் மிக அவசரம். ஒவ்வோர் ஆண்டும் அதே பட்டியலை எடுத்து வைத்தால், எந்தப் படிவத்தில் எத்தனை பேர் விலகினார்கள் என்பது நம் கையிலேயே இருக்கும்.

மாணவர்களுக்கு: இந்தத் தலைப்பு வந்தால் ‘90 விழுக்காட்டுப் பெற்றோர்’ என்று வாய்க்கு வந்த எண்ணைப் போடாதீர்கள். எண் தெரியாவிட்டால் நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். ‘பெற்றோரின் அலட்சியமே காரணம்’ என்பதற்குப் பதிலாக இப்படி ஒரு பத்தி எழுதிப் பாருங்கள்:

‘நகர்ப்புற இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் மாணவர்கள் பல வகுப்புகளில் சிதறியிருக்கின்றனர். ஒரு வகுப்பில் ஒருவரோ இருவரோ இருப்பதால் கால அட்டவணைக்குள் தமிழ்ப்பாடத்தை அமைப்பது கடினமாகிறது. பள்ளி நேரத்துக்குப் பின் நடக்கும் வகுப்புக்குப் போக்குவரத்து வசதியற்ற மாணவர்களால் வர இயல்வதில்லை. ஆகவே, அருகருகே உள்ள பள்ளிகளின் மாணவர்களை ஒரே இடத்தில் திரட்டி வகுப்பு நடத்துவது பயன் தரும்.’

காரணம் இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம் இருக்கிறது, காரணத்துக்குப் பொருந்தும் தீர்வும் இருக்கிறது. பழமொழி வேண்டுமானால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

படிவம் நான்கில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்குக் கடைசியாக ஒரு வேலை. நாளைக்கு இடைவேளையில் பக்கத்து வகுப்புகளுக்குப் போய், தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். பதினைந்தாவது பெயர் கிடைத்ததும் அந்தப் பட்டியலை உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள். ஆசிரியர் இல்லையென்றால் உங்கள் அம்மா, அப்பாவிடம் கொடுங்கள். முதல் கையெழுத்து அவர்களுடையதாகவே இருக்கட்டும்.